அசலா போலியா: படம் சொல்லாது, பில் சொல்லும்

இணையத்தில் கார் உதிரிபாகம் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, “ஒரிஜினலையும் டூப்ளிகேட்டையும் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?” என்றுதான். ஹாலோகிராம் மின்னுகிறதா, பெட்டியில் எழுத்துப்பிழை இருக்கிறதா, அச்சு மங்கலாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். அந்த அறிவுரைகளில் தப்பில்லை. ஆனால் அவை எல்லாமே பொருள் கைக்கு வந்த பிறகு உதவுபவை. பணம் கட்டும் நேரத்தில் நம் முன்னால் இருப்பது பொருள் அல்ல, யாரோ எப்போதோ எடுத்த ஒரு படம். அது தயாரிப்பாளரின் கேட்டலாக்கிலிருந்தே எடுத்த படமாகவும் இருக்கலாம். போலியை விற்கிறவர் அசலின் படத்தைப் போடுவதை யார் தடுக்க முடியும்? ஆகவே இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதைத்தான்: உதிரிபாகம் அசல் என்பதற்கான சான்று அதன் தோற்றத்தில் கிடைக்காது, அது நம்மிடம் வந்து சேர்ந்த வழியில்தான் கிடைக்கும். யார் செய்தார், எந்த எண்ணில் செய்தார், யார் விற்றார், எந்தப் பில்லில் விற்றார், கெட்டுப்போனால் யாரைக் கேட்பது. இந்த ஐந்துக்கும் பதில் இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால் படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வாங்கக் கூடாது. தங்க நகை விஷயத்தில் நாம் ஏற்கெனவே இந்த இடத்துக்கு வந்துவிட்டோம். மஞ்சள் நிறத்தையும் கடைக்காரர் பேச்சையும் நம்பிய காலம் போய், 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகை ஒவ்வொன்றிலும் ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. எண் கட்டாயமாகியிருக்கிறது. அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்த்து வாங்குகிறோம். உயிரைத் தாங்குகிற பிரேக் பேடுக்கு அந்த அளவு விசாரணைகூட இல்லாமல் ஆர்டர் போட்டுவிடுகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். கார் கம்பெனியின் பெயர் பெட்டியில் இல்லாததெல்லாம் போலி என்று பலர் நினைக்கிறார்கள். அது உண்மையில்லை. கார் கம்பெனிகள் தங்கள் காரின் பிரேக், ஸ்டார்ட்டர் மோட்டார், பேரிங், ஸ்பார்க் பிளக் இவற்றையெல்லாம் பெரும்பாலும் தாங்களே செய்வதில்லை. அதற்கென்றே இருக்கும் கம்பெனிகளிடம் வாங்கித்தான் பொருத்துகின்றன. சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியாவும் லூகாஸ் டி.வி.எஸ்ஸும் இருப்பது இந்த வேலைக்காகத்தான். இப்படிச் செய்யப்படும் பாகம் கார் கம்பெனியின் பெட்டியில் வந்தால் ‘ஜெனுயின் பார்ட்ஸ்’. அதே தயாரிப்பாளர் தன் சொந்தப் பெயரில் கடைக்கு அனுப்பினால் அதை வியாபாரிகள் ஓ.இ.எம். என்கிறார்கள், பிரேக்ஸ் இந்தியாவின் பொருட்கள் டி.வி.எஸ். கர்லிங் என்ற பெயரில் கடைகளில் கிடைப்பது இந்த வகை. மூன்றாவது, அந்தக் கார் கம்பெனிக்கு எதுவும் சப்ளை செய்யாத, ஆனால் அதில் பொருந்தும்படி செய்து தன் பெயரிலேயே விற்கிற தயாரிப்பாளரின் பாகம். இதில் நல்லதும் உண்டு, சுமாரும் உண்டு, மோசமும் உண்டு. ஆனால் யார் செய்தது என்பது பெட்டியில் இருக்கும். நான்காவதுதான் போலி: ஒருவர் செய்ததை இன்னொருவர் பெயரில் விற்பது. போலிக்கும் மற்ற மூன்றுக்கும் உள்ள வேறுபாடு தரத்தில் தொடங்குவதில்லை, பெயரில் தொடங்குகிறது. தன் பெயரைப் போட்டு விற்கிறவருக்கு அந்தப் பெயர் கெட்டுப்போகக் கூடாதே என்ற கவலை இருக்கும். அடுத்தவர் பெயரில் விற்கிறவருக்கு அந்தக் கவலை கிடையாது. பேரிங்குக்குள் எந்த எஃகைப் போடுவது, பிரேக் பேடில் என்ன கலவையை அழுத்துவது என்று முடிவெடுக்கும் நேரத்தில் இந்தக் கவலைதான் வேலை செய்கிறது.

பிரேக் பேடையே எடுத்துக்கொள்வோம். ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு சிறிய கார் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்றால் அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 2,47,000 ஜூல். சடன் பிரேக் போட்டால் அத்தனையும் மூன்று நான்கு விநாடிக்குள் வெப்பமாக மாறியாக வேண்டும். அதன் பெரும்பங்கை முன்சக்கரங்களில் உள்ள, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் நான்கு பேடுகளும் அவற்றின் டிஸ்க்குகளும்தான் ஏற்கின்றன. நல்ல பேடு இந்த வேகத்தில் போகும் காரை ஏறத்தாழ 35 மீட்டரில் நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேடின் உராய்வு மூன்றில் ஒரு பங்கு குறைந்தால், அதே அழுத்தத்தில் பெடலை மிதிக்கும்போது அந்த 35 மீட்டர் 52 மீட்டரைத் தாண்டிவிடும். கூடுதலாக ஓடுகிற 17 மீட்டர், நான்கு கார்களின் நீளம். ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது இந்தக் குறை தெரியவே தெரியாது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைச் சாலையில் இறங்கும்போது பேடு சூடேறச் சூடேற உராய்வு இன்னும் குறையும். ‘பிரேக் பிடிக்கல’ என்பது அப்போதுதான் தெரியவரும். பேடின் விளிம்பிலோ பின்புற இரும்புத் தகட்டிலோ பல தயாரிப்பாளர்கள் இரண்டு ஆங்கில எழுத்துகளை அச்சிடுவதுண்டு: எஃப்.எஃப்., எஃப்.இ., ஜி.ஜி. என்று. முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில் உள்ள உராய்வு, இரண்டாவது கடும் வெப்பத்தில் உள்ள உராய்வு. இ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நல்ல குறியீடுதான். ஆனால் போலி செய்கிறவரும் அதே இரண்டு எழுத்துகளை அச்சிடலாம், அதற்கு மை மட்டும் போதும். அச்சிட்டவர் யாரென்று தெரிந்து, அவரிடம் பதில் கேட்க முடியும் என்றால்தான் அந்த எழுத்துக்கு மதிப்பு.

ஏர்பேக் இதைவிட மோசமான எடுத்துக்காட்டு, ஏனென்றால் விபத்து நடக்கும்வரை அதைச் சோதித்துப் பார்க்கவே வழியில்லை. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2012 அக்டோபரில் போலி ஏர்பேக்குகளைப் பற்றி எச்சரித்தது. பெரிய கார் கம்பெனிகளின் சின்னத்தோடு, அசலுக்கும் போலிக்கும் வித்தியாசமே தெரியாத அளவில் அவை இருந்தன. சோதித்தபோது சில விரியவே இல்லை, சிலவற்றிலிருந்து உலோகச் சில்லுகள் பறந்தன. அதே அமைப்பு 2024 ஜூலையில் மறுபடியும் எச்சரித்தது. விபத்துக்குள்ளாகிப் பழுதுபார்க்கப்பட்ட பழைய கார்களில் ஏர்பேக்கை விரியவைக்கும் இன்ஃப்ளேட்டர்களில் மலிவான மாற்றுகளைப் பொருத்தியிருந்தார்கள். அவை வெடித்ததில் ஒன்பது மாதங்களுக்குள் மூன்று பேர் இறந்தார்கள், இரண்டு பேர் படுகாயமடைந்தார்கள். அந்தக் கார்களை ஓட்டியவர்கள் பாகத்தை வாங்கியவர்களாக இருக்க வேண்டும் என்பதில்லை. முன்பு யாரோ எங்கோ மிச்சம் பிடித்த பணத்துக்கு வேறொருவர் விலை கொடுத்திருக்கிறார். ஏர்பேக்கையும் சீட் பெல்ட்டையும் இணையத்தில் வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. விலை எதுவானாலும் அதைக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில்தான் மாற்ற வேண்டும். மாறாக, ஃப்ளோர் மேட், மிரர் கவர், வைப்பர் பிளேடு போன்றவற்றுக்கு இவ்வளவு கவலை தேவையில்லை. பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், சக்கர பேரிங், டைமிங் பெல்ட், ஃபில்டர் இவைதான் விசாரித்து வாங்க வேண்டியவை.

இனி, பாகம் நம்மிடம் வந்து சேரும் வழி இணையக் கடையில் எப்படி மறைகிறது என்று பார்ப்போம். நாம் பொருளைப் பெரிய பெயர் கொண்ட இணையதளத்திடம் வாங்குவதாக நினைக்கிறோம். சட்டப்படி அப்படி இல்லை. வெளிநாட்டு முதலீடு உள்ள சந்தைத் தளங்கள் தாங்களே சரக்கை வைத்து விற்கக் கூடாது என்பது மத்திய அரசின் விதி. 2019 பிப்ரவரி 1 முதல் அது இன்னும் இறுக்கமாகியிருக்கிறது. அதனால் அங்கே நமக்கு விற்கிறவர் எப்போதும் வேறொருவர். தளம் அவருக்கு இடம் கொடுக்கிறது, கிடங்கு கொடுக்கிறது, வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கிறது. ‘எங்கள் கிடங்கிலிருந்து அனுப்பப்படுகிறது’ என்ற முத்திரை, பொருள் நேரத்துக்கு வரும் என்பதற்குத்தான் உத்தரவாதம். அது அசல் என்பதற்கு அந்த முத்திரையில் ஒரு வார்த்தையும் இல்லை. விமர்சனங்களும் இப்படித்தான். ஆயில் ஃபில்டர் கைக்கு வந்த இரண்டாவது நாளே ஐந்து நட்சத்திரம் போட்டவர், பெட்டி நசுங்காமல் வந்ததைத்தான் மதிப்பிட்டிருக்கிறார். ஃபில்டர் எப்படி உழைக்கிறது என்று ஆறாயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு திரும்பி வந்து எழுதுகிறவர் அரிது. சில பக்கங்களில் வெவ்வேறு கார்களுக்கான பாகங்களின் விமர்சனங்கள் ஒரே இடத்தில் சேர்ந்துகிடக்கும். நாம் படித்துக்கொண்டிருப்பது வேறு பொருளின் விமர்சனமாக இருக்கும். ஆகவே நட்சத்திரங்களை எண்ணுவதைவிட, ஒரு நட்சத்திரம் போட்டவர்களில் படத்தோடு எழுதியவர்களை மட்டும் தேடிப் படிப்பது பயனுள்ளது.

விளம்பர வாசகத்தையும் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். ‘இந்தக் காருக்குப் பொருந்தும்’ என்று எழுதி, கீழே தயாரிப்பாளர் இடத்தில் தன் பெயரைப் போட்டிருந்தால் அது நேர்மையான மாற்றுப் பாகம். விலைக்கேற்ற எதிர்பார்ப்போடு வாங்கலாம். ‘ஓ.இ.எம். தரம்’, ‘ஒரிஜினலுக்கு நிகர்’, ‘கம்பெனி டைப்’ என்றெல்லாம் எழுதிவிட்டு, யார் செய்தது என்ற இடத்தை ‘ஜெனரிக்’ என்று விட்டிருந்தால் அங்கிருந்து வெளியே வந்துவிட வேண்டும். ஒரிஜினல் என்று நேரடியாகச் சொல்லத் துணியாதவர், அப்படி நினைத்துக்கொள்ளும்படி மட்டும் எழுதுகிறார். பொட்டலமாக விற்கப்படும் பொருளுக்குத் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்.ஆர்.பி., வாடிக்கையாளர் சேவை விவரம் ஆகியவை இருக்க வேண்டும் என்று சட்ட அளவியல் விதிகள் சொல்கின்றன. தளத்தின் பக்கத்திலும் இவற்றில் பெரும்பாலானவை தெரிய வேண்டும். அவை இல்லாத பக்கத்தில் போட்டிருக்கும் விலை எவ்வளவு குறைவாக இருந்தால் நமக்கென்ன?

அப்படியானால் தேடலை எங்கே தொடங்குவது? காரின் பெயரிலிருந்து தொடங்கக் கூடாது, சேசிஸ் எண்ணிலிருந்து தொடங்க வேண்டும். ஒரே பெயரில் ஓடும் காருக்குள் ஆண்டுக்கு ஆண்டு, எஞ்சினுக்கு எஞ்சின் பாகங்கள் மாறியிருக்கும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள 17 இலக்க சேசிஸ் எண்ணைச் சொன்னால் டீலரின் பார்ட்ஸ் கவுண்ட்டரில் சரியான பார்ட் நம்பரைச் சொல்லிவிடுவார்கள். பல கார் கம்பெனிகளின் சொந்த இணையதளத்திலேயே பார்ட் நம்பரைப் போட்டால் எம்.ஆர்.பி. தெரியும். அந்த இரண்டு தகவல்களும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பழைய நம்பருக்குப் பதிலாகக் கம்பெனி புது நம்பர் கொடுத்திருக்கலாம், ஆகவே நம்பர் மாறியிருந்தாலே போலி என்று முடிவுகட்ட வேண்டாம். கவுண்ட்டரில் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் விற்பவர் தன் பக்கத்தில் பார்ட் நம்பரே போடவில்லை, கேட்டாலும் சொல்லவில்லை என்றால் அவரிடம் வாங்குவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

அடுத்தது விற்பவர். நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள் 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளன. விற்பவரின் வணிகப் பெயர், முகவரி, தொடர்பு எண் ஆகியவற்றை வாங்குகிறவர் பார்க்கும்படி தளம் வைத்திருக்க வேண்டும். பெயரைச் சொடுக்கிப் பார்த்தால், உதிரிபாகம் மட்டும் விற்கிறவரா அல்லது செருப்பு, செல்போன் உறை, ஆயில் ஃபில்டர் என்று கலந்து விற்கிறவரா என்பது தெரிந்துவிடும். தெரிந்த தயாரிப்பாளர்கள் பலர் தங்கள் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தர்கள் பட்டியலைத் தங்கள் இணையதளத்தில் வைத்திருக்கிறார்கள், அல்லது தளத்திலேயே சொந்தக் கடை திறந்திருக்கிறார்கள். அங்கே வாங்கினால் இந்த விசாரணையின் பெரும்பகுதி தேவைப்படாது. மற்றவர்களுக்கு ஜி.எஸ்.டி. எண் உதவும். பதினைந்து இலக்க எண்ணில் முதல் இரண்டு மாநிலக் குறி: தமிழ்நாட்டுக்கு 33, டெல்லிக்கு 07. அரசின் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் உள்நுழையாமலே அந்த எண்ணைப் போட்டு, பதிவு யார் பெயரில் இருக்கிறது, எந்தத் தேதியில் பதிவானது, இன்னும் நடப்பில் இருக்கிறதா அல்லது ரத்தாகிவிட்டதா என்று பார்க்கலாம். சென்னை முகவரி போட்டுவிட்டு 07 என்று தொடங்கும் எண் கொடுத்தால் காரணம் கேட்க வேண்டும். பில்லில் பார்ட் நம்பரும் தயாரிப்பாளர் பெயரும் இல்லாமல் வெறுமனே ‘கார் ஆக்சஸரி’ என்று எழுதியிருந்தால் அது நாளைக்கு எந்தப் புகாருக்கும் பயன்படாது. ஜி.எஸ்.டி. எண் வைத்திருக்கிறவர் எல்லாம் யோக்கியர் ஆகிவிடுவாரா என்று கேட்கலாம். ஆகமாட்டார். ஆனால் தேடிப்போகும்போது ஒரு பெயரும் ஒரு கதவு எண்ணும் கிடைக்கும். போலி விற்கிறவர் தப்பப் பார்ப்பதே அந்த இரண்டிலிருந்துதான்.

இங்கே வலுவான ஒரு மறுப்பு வரும். “ஜெனுயின் பார்ட்ஸ் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. எட்டு வருஷத்துக் காருக்கு அவ்வளவு செலவு செய்ய முடியுமா?” இது நியாயமான பேச்சு, அதன் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது. கார் கம்பெனிகள் உதிரிபாகங்களை வெளிக்கடைகளுக்குத் தராமல் தங்கள் டீலர்களுக்குள்ளேயே அடைத்துவைத்துப் போட்டியைக் கெடுக்கின்றன என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. பதினான்கு கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அது மேல்முறையீடுகளில் இழுபட்டது வேறு கதை. ஆனால் வாங்குகிறவருக்கு நியாயமான வழி அடைபட்டால் அந்த இடத்தில்தான் போலி புகுந்துகொள்கிறது. போலியின் மீது கோபப்படுகிற கார் கம்பெனிகள் இதை மறந்துவிடக் கூடாது. இருந்தாலும் விலை என்ற காரணம் போலியை வாங்க நியாயம் ஆகாது, ஏனென்றால் நடுவில் இரண்டு படிகள் இருக்கின்றன. கார் கம்பெனிப் பெட்டிக்குப் பதிலாக, உண்மையில் அதைச் செய்த தயாரிப்பாளரின் பெட்டியில் வாங்கினால் பெரும்பாலும் விலை குறையும். அதுவும் முடியாவிட்டால் பெயருள்ள மாற்றுத் தயாரிப்பாளர் இருக்கிறார். போலி இந்த இரண்டையும்விடச் சில நூறு ரூபாய் குறைவாக இருக்கலாம். சில நேரம் அதுவும் இல்லை, அசல் விலைக்கே போலியை விற்கிறவர்களும் உண்டு. எம்.ஆர்.பி.யில் பத்து, பதினைந்து சதவீதம் தள்ளுபடி என்றால் வியாபாரி தன் லாபத்தில் விட்டுக்கொடுக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம். எம்.ஆர்.பி.யில் பாதி விலைக்கு, பண்டிகைக் காலம்கூட இல்லாமல், ஆண்டு முழுக்க ஒருவர் ‘ஜெனுயின்’ பேட் விற்கிறார் என்றால் அந்த மீதிப் பாதியை யார் கொடுக்கிறார் என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

பொருள் வந்துசேர்ந்த பிறகுதான் கண்ணுக்கு வேலை. பெட்டியை உடைக்கும் முன்பே, லேபிள் தெரியும்படி, நடுவில் நிறுத்தாமல் வீடியோ எடுத்துக்கொள்வது நல்லது. ஸ்பார்க் பிளக்கை எடுத்துக்கொண்டால், அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதிலேயே நிறையத் தெரியும். மரையின் மேல்பகுதியில் ஒரு வளையம், அதாவது வாஷர், இருக்கும். நல்ல தயாரிப்பில் அது கழன்று வராதபடி பிடித்து வைக்கப்பட்டிருக்கும். போலியில் கையால் சுற்றினாலே மரை வழியாகக் கழன்று வந்துவிடுவது உண்டு. மரை வழவழவென்று சீராக இருக்க வேண்டும், விரல் நகத்தால் வருடினால் பிசிறு தட்டக் கூடாது. பக்கவாட்டிலிருந்து வளைந்து வரும் எலெக்ட்ரோடு நடு முனைக்கு நேர் மேலே நிற்க வேண்டும். போலியில் அது சாய்ந்திருக்கும். இரிடியம் பிளக் என்று சொல்லி வந்தால் நடு முனை மிக மெல்லியதாக, 0.4 முதல் 0.6 மில்லிமீட்டர் வரைதான் இருக்கும். இரிடியம் 2,400 டிகிரி செல்சியஸைத் தாண்டித்தான் உருகும். அதன் இடத்தில் வைக்கப்படும் நிக்கல் 1,455 டிகிரியிலேயே உருகிவிடும். மெல்லிய முனையை நிக்கலில் செய்தால் அது சீக்கிரம் தேய்ந்துபோகும், எஞ்சின் தடுமாறும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். வெளியே இரிடியம் என்று எழுதியிருப்பதை நம்பி வாங்கியவர் எஞ்சினைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

ஆயில் ஃபில்டரில் பார்க்க வேண்டியது அதன் வாய்ப்பகுதி. சுற்றியுள்ள சிறு ஓட்டைகள் வழியாக உள்ளே பார்த்தால் ஒரு ரப்பர் வளையம் தெரியும். எஞ்சின் நின்ற பிறகு ஆயில் திரும்ப வடிந்துவிடாமல் தடுப்பது அதன் வேலை. ஒரு குச்சியால் மெதுவாக அழுத்தினால் வளைந்து மறுபடி மூடிக்கொள்ள வேண்டும். அது இல்லாமலோ, காய்ந்து விறைத்தோ இருந்தால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மேலே ஏறும்வரை எஞ்சின் சில விநாடி வறட்சியில் ஓடும். தினமும் நடந்தால் அந்தத் தேய்மானம் சேர்ந்துகொண்டே போகும். பல ஃபில்டர்களின் உள்ளே, காகிதம் அடைத்துக்கொண்டால் ஆயில் போக வழிவிடும் ஒரு பைபாஸ் வால்வும் உண்டு. போலியில் அதன் ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் ஆயில் வடிகட்டப்படாமலே சுற்றிக்கொண்டிருக்கும், வண்டியில் எந்த எச்சரிக்கை விளக்கும் எரியாது. உள்ளே இருப்பதை வெளியே இருந்து ஓரளவுக்கு அறிய ஒரு வழிதான்: கழற்றிய பழைய அசல் ஃபில்டரை ஆயில் வடித்துவிட்டு, புதியதோடு சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்ப்பது. பழையதில் தங்கிய ஆயிலைக் கழித்தாலும் புதியது வெகுவாக இலேசாக இருந்தால் உள்ளே காகிதமும் இரும்பும் குறைவு.

“இவ்வளவு எதற்கு, க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்தால் போதாதா?” என்பது அடுத்த கேள்வி. போதும், ஒரு நிபந்தனையோடு. கேமராவால் ஸ்கேன் செய்யும்போது அந்தக் கோடு எந்த இணைய முகவரிக்குப் போகிறதோ அங்கே ‘அசல்’ என்று வரும். அந்த முகவரி தயாரிப்பாளருடையதுதானா என்று யாரும் பார்ப்பதில்லை. போலி செய்கிறவர் தானே ஒரு பக்கம் தயாரித்து வைத்திருக்கலாம், அல்லது ஒரே ஒரு அசல் பெட்டியின் கோடை ஆயிரம் பெட்டிகளில் அச்சடித்திருக்கலாம். ஆகவே தயாரிப்பாளரின் சொந்தச் செயலியில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். எஸ்.கே.எஃப். பேரிங்குகளுக்கு எஸ்.கே.எஃப். ஆதென்டிகேட், ஷேஃப்லர் பொருட்களுக்கு ஒரிஜின் செக் என்று செயலிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பெட்டிக்கும் தனி எண் கொடுக்கிற முறையில், அந்த எண் ஏற்கெனவே பலமுறை சோதிக்கப்பட்டிருந்தால் தெரிந்துவிடும். இங்கேயும் நம்மைக் காப்பது தயாரிப்பாளரின் பதிவேடுதான்.

“கடைக்குப் போனால் மட்டும் போலி கிடைக்காதா?” என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். கிடைக்கும். இணையம் போலியைக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் பழகிய கடைக்காரரிடம் நாளை மறுபடியும் போக முடியும், அவருக்கும் அது தெரியும். மெக்கானிக்குகளில் பலர் நாம் வாங்கிவந்த பாகத்தைப் பொருத்தத் தயங்குவதற்கும் கமிஷன் மட்டும் காரணமில்லை. தெரியாத பாகத்தைப் போட்டுப் பழுதானால் பழி தன் மேல் விழும் என்ற பயமும் உண்டு. அந்தப் பயத்துக்கு மதிப்புக் கொடுத்து, பொருத்தும் முன் பாகத்தை அவர் கையில் கொடுத்து “அண்ணே, பழசோட வச்சு ஒரு தடவை பாருங்க” என்று கேட்பது நல்லது. தினமும் பத்து பேடு கழற்றி மாட்டுகிற கைக்கு எடையும் விளிம்பும் சட்டென்று தட்டுப்படும். பொருத்திவிட்ட பிறகு பெரும்பாலான விற்பனையாளர்கள் திரும்பப் பெற மறுப்பார்கள் என்பதால் இதைப் பொருத்தும் முன்பே செய்ய வேண்டும்.

கடைசி மறுப்புதான் எனக்கு மிகவும் சரியாகப் படுவது. இத்தனை சுமையையும் வாங்குகிறவர் தலையில் ஏன் ஏற்ற வேண்டும்? கோடிக்கணக்கில் வியாபாரம் செய்யும் தளம் ஏன் பார்க்கக் கூடாது? பார்க்க முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. சீட் பெல்ட் போடாவிட்டால் எழும் எச்சரிக்கை ஒலியை நிறுத்தும் கிளிப்புகள் இணையத்தில் பகிரங்கமாக விற்கப்பட்டு வந்தன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 மே மாதம் ஐந்து மின்வணிக நிறுவனங்களுக்கு உத்தரவிட்ட பிறகு 13,118 பட்டியல்கள் நீக்கப்பட்டன. உத்தரவு வந்ததும் அத்தனையையும் தேடி எடுக்க முடிந்ததென்றால், பார்ட் நம்பரும் தயாரிப்பாளர் பெயரும் இல்லாமல் பிரேக் பேட் விற்கும் பக்கங்களையும் எடுக்க முடியும். நகைக்கு ஒவ்வொரு துண்டுக்கும் எண் கட்டாயமாக்கிய அரசு, பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் அப்படி ஒரு எண்ணைக் கட்டாயமாக்கலாம். அது வரும்வரை இப்போதுள்ள சட்டத்தையாவது பயன்படுத்த வேண்டும். போலி என்று தெரிந்தால் விற்பவர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று மின்வணிக விதிகளே சொல்கின்றன. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 86ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: தயாரிப்பாளர் யாரென்று தெரியாத பொருளால் தீங்கு நேர்ந்தால் விற்றவரே பொறுப்பு. அதே சட்டப்படி, போலிப் பொருளால் ஒருவர் உயிரிழந்தால் அதை விற்றவருக்கு ஏழு ஆண்டு முதல் ஆயுள்வரை சிறைத்தண்டனை உண்டு. வழக்குக்காக விற்பவரின் ஊருக்கு அலைய வேண்டியதும் இல்லை. டெல்லியில் இருப்பவர் அனுப்பிய போலி பேரிங்குக்காகத் திருநெல்வேலிக்காரர் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் ரூபாய் மதிப்புவரை கட்டணம் கிடையாது. முதல் படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் விற்பனைப் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட், பில், பெட்டி, பெட்டியைப் பிரித்த வீடியோ ஆகியவை வேண்டும். பக்கம் எப்போது வேண்டுமானாலும் மறைந்துவிடும் என்பதால் ஸ்க்ரீன்ஷாட்டை ஆர்டர் போடும் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். பாகம் அசல்தான் என்று உறுதியாகி, வாரண்டியும் முடிந்த பிறகு, அந்தப் பெட்டியை முழுசாகக் குப்பையில் போட வேண்டாம். லேபிளையும் ஹாலோகிராமையும் கிழித்துவிட்டுப் போடுங்கள், ஆயில் கேனாக இருந்தால் ஓட்டை போட்டுவிடுங்கள். காலிப் பெட்டியையும் காலிக் கேனையும் விலை கொடுத்து வாங்கிப் போய் நிரப்பி விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.